மிதிவெடியின் விலை

முதலில் நிறம் கேட்கும்.
இருபத்து நான்கு சதுரம், ஒன்றைத் தொட வேண்டும்.
சிவப்பைத் தாண்டினோம். மஞ்சளைத் தாண்டினோம்.
ஏன் என்று ஒருத்தியும் கேட்கவில்லை.
ஜெனிற்றா றோஸைத் தொட்டாள்.
உடனே டாங்கி முழுக்க றோஸ், பீரங்கி றோஸ்,
பாலம் போடுகிற வண்டியும் றோஸ்.
கட்டில் அதிரச் சிரித்தோம்.
பக்கத்து அறைக்காரர் சுவரில் தட்டினார்.

கரடிப்போக்குச் சந்திக்குப் பின்னால்
மூன்று பேருக்கு ஓர் அறை, ஒரு மின்விசிறி,
விளையாட்டைத் தாங்கக்கூடிய போன் ஒன்று.
அது என்னுடையது,
இன்னும் ஐந்து தவணை இருக்கிறது.

பிறகு சீருடை.
புள்ளி, இலை, மணல், வெண்பனி,
வரி.
வரியில் என் விரல் நின்றபோது
யசோதினி தண்ணீர் குடிக்க எழும்பிப் போனாள்.
வெண்பனி என்றேன்.

பிறகு தளபதியின் முகம்.
தழும்பு வேண்டுமா, எந்தக் கன்னத்தில்,
ஆழத்தைக் கூட்டலாம், குறைக்கலாம்.
கூந்தல்: மொட்டை, கட்டை, விரித்தது,
இரட்டைப் பின்னலை மடித்துத்
தூக்கிக் கட்டியது.
இதை வரைந்தவன் எந்த நாட்டுக்காரனோ,
எங்கே பார்த்தானோ.
யசோதினியின் உடுப்புப் பெட்டியில்
விரித்த பத்திரிகைக்கு அடியில் ஒரு படம் உண்டு.
தண்ணீரோடு வந்தவள் திரையைப் பார்த்தாள்.
"விரிச்சதையே வை. காத்தடிச்சா வடிவா இருக்கும்."

பெயருக்குப் பன்னிரண்டு எழுத்து.
தமிழில் அடித்தால் பெட்டி பெட்டியாக வந்தது.
ஆளுக்கு இரண்டு பெயர் இருந்த ஊர் எங்களுடையது,
அன்று ஒன்றும் வாயில் வரவில்லை.
ஜெனிற்றா தன் வீட்டு ஆட்டின் பெயரை
ஆங்கில எழுத்தில் வைத்தாள்.
தளபதி சீனி.

கடைசியில் விலைப்பட்டியல்.
மிதிவெடி, ஐம்பது காசு.
சந்திக் கடையில் மிதிவெடி நூற்றெண்பது ரூபா,
உள்ளே அரை முட்டை, உறைப்பு கொஞ்சம் கூட.
முகமாலையில் அதற்கு விலை இல்லை:
முழங்கால் மண்ணில், மூச்சுப்பட்டுப் புகைகிற முகக்கவசம்,
சுரண்டி, தூரிகை, ஒரு சதுர மீற்றருக்கு அரை நாள்.
கருவி கத்தினால் பெரும்பாலும் ஆணி,
மீன் பேணியின் மூடி,
ஒரு தரம் சைக்கிள் மணி. தட்டினேன், அடித்தது.

விளையாட்டில் வைப்பதற்கு ஒரு தொடுகை.
எடுப்பதற்கு?
பட்டியலை இரண்டு தரம் தேடினேன்.
எடுக்கிறவள் என்று ஓர் ஆள் அதில் இல்லை.

ஆனால் ஆட்டத்தைத் திறக்கிறவர்
விலையை மாற்றலாம்.
ஐம்பதை அழித்தேன். ஒன்பது, ஒன்பது, ஒன்பது,
இடம் முடியும்வரை.

எதிரே யாரோ, கொடியில் ஓநாய்.
மிதிவெடி விலை பிழை, என்று எழுதினான்.
பிழை இல்லை, என்றேன்.
மூன்று கேள்விக்குறி அனுப்பினான்.

ஆறு நிமிடம் நன்றாகத்தான் போனது.
பிறகு வடக்கு வயலால் வந்தான்,
ஒன்றுமே புதைக்காத வயல், நேரே.
அழகுக்கு விட்டிருந்த இரண்டு மாடுகள்
விலகி வழிவிட்டன.
றோஸ் டாங்கிகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன.
சீனியின் கூந்தல் காற்றில் எழுந்தது,
வடிவாகத்தான் இருந்தது.
பதினோராவது நிமிடம் தோல்வி.

"அந்த வயலில பத்து வைச்சிருந்தா வெண்டிருப்பம்,"
ஜெனிற்றா சொன்னாள்.
பத்துத் தேவையில்லை. ஆறு காணும்.
வரப்பு முடக்கில் இரண்டு,
கிணற்றடியில் ஒன்று,
ஆள் இளைப்பாற ஒதுங்குகிற அந்த ஒற்றைப் பனைக்குக் கீழே
மூன்று.
எடுத்துப் பழகியவளுக்கு
வைக்கிற இடம் நன்றாகத் தெரியும்.
அவளுக்கு நான் அதைச் சொல்லவில்லை.

"நாளைக்குப் பழைய விலையிலயே விடு."
யசோதினி லைற்றை அணைத்தாள்.
நாலரைக்கு வாகனம் வந்துவிடும்.
இந்த அமைப்பைச் சேமிக்கவா என்று
கேட்டபடியே கிடந்தது போன்,
சார்ஜில், நிலத்தில்,
முகம் குப்புற.