சம்பவம் இல்லை

ஈரி ஏரிக்கு அடியில் உப்புச் சுரங்கம்.
கூண்டு இறங்க நாலு நிமிடம்.
என்னோடு பதினோரு தொழிலாளர்கள்.
அவர்கள் கையில் சாப்பாட்டு டப்பா,
என் கையில் காந்த நாடாச் சுருள்.
இறங்கியதும் அவர்கள் வலப்பக்கம்,
ஒகையோவின் பனிக்காலச் சாலைகளுக்கு உப்பு வெட்ட.
நான் இடப்பக்கம்,
ஆறு மாடி ஆழத் தொட்டிக்கு.
கண்ணாடியை விடத் தெளிந்த தண்ணீர்,
சுற்றிலும் இரண்டாயிரம் விழிகள்,
ஒன்றுக்கும் இமை கிடையாது.

பேராசிரியர் ஹால்வர்சன்
கரும்பலகையில் நிரூபித்துவிட்டார்:
மூன்று விசைகளும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்,
பிறந்த கணமே பாகம் பிரித்துக்கொண்டவை.
(ஈர்ப்பை அந்தப் பந்தியில் எங்கே உட்காரவைப்பது?
கேட்டால் சாக்பீஸைத் தேடுவார்.)
உறவு மெய்யென்றால்
புரோட்டானும் ஒருநாள் சாகும்.
எதிரெதிராக இரண்டு நீல வளையம்
எங்கள் தண்ணீரில் எழுந்து அணையும்.
அந்தச் சாவுக்குத்தான் காவல் இருக்கிறேன்,
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலு,
பிப்ரவரி,
மூன்றாவது கோப்பைக் காப்பி.

வானத்திலிருந்து பாறையைத் துளைத்து
மியூவான்கள் வந்துகொண்டே இருக்கும்.
நொடிக்கு மூன்று முறை கருவி பதறும்.
இதுவா? இல்லை.
இதுவா?
சென்ற மாதம் ஒன்றைப் பார்த்து
நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.
ஒரு குழாயில் ஈரம் கசிந்திருந்தது.

விடியலில் கூண்டடியில் எய்னோ லாஹ்டெலா,
புருவமெல்லாம் உப்பு.
"என்ன டாக்டர், ஒண்ணாவது செத்துச்சா?"
"இல்லை."
"நேத்து?"
"நேத்தும் இல்லை. ஒண்ணரை வருஷமா இல்லை."
என் குரலில் துக்கம் தெரிந்திருக்க வேண்டும்.
அவர் திரும்பி,
விபத்தில்லா நாட்களின் பலகையில்
பழைய எண்ணைக் கையுறையால் அழித்து
நானூற்று மூன்று என்று எழுதினார்.
நானூற்று நான்காவது நாளுக்கு முன்னால்
அங்கே இருந்தவனின் பெயர்
எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.
"இங்கே அதுக்கு நல்ல ஷிஃப்ட்னு பேரு," என்றார்.

மேலே ஹால்வர்சனுக்குத் தொலைபேசினேன்.
வெகுநேரம் மூச்சு மட்டும் கேட்டது.
"ஆயுளை இன்னும் கொஞ்சம் தள்ளி எழுது," என்றார்,
"ஒன்றுக்குப் பின் முப்பத்தொரு சுழியம்,
அதற்கு மேல்."
எழுதினேன். அழகான சூத்திரம் அது,
இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

காரின் கண்ணாடியில் பனி.
சுரண்டும் கையைப் பார்த்தேன்,
ஒன்றும் குறையவில்லை.
சாலையில் யாரோ உப்புத் தூவிப் போயிருந்தார்கள்,
சக்கரத்தடியில் நொறுநொறுவென்று
வீடு வரைக்கும்.