கம்பம் என் நிலத்தில்

கம்பம் என் நிலத்தில்தான் நிற்கிறது.
நாற்பத்தொன்று என்று தகடு அடித்தது,
ஆடுகள் உரசி உரசி அடிமரம் பளபளத்தது.
அது நிற்பதற்கு
ஆண்டுக்கு ஒரு காசோலை வரும்.
அதை மாற்ற பில்த்வரை போய்வரும்
டீசலுக்குப் போதாது.

அதிலிருந்து கண்ணாடி இழை
என் கூரைக்கு மேலே,
புகைபோக்கிக்கு ஒரு முழம் தள்ளி,
துணிக்கொடியைத் தாண்டி, முள்வேலியைத் தாண்டி
ரோஸலிண்ட் வீட்டில் இறங்குகிறது.

ரோஸலிண்ட் இருப்பது பர்மிங்ஹாமில்.
ஆகஸ்டில் இரண்டு வாரம் வருவாள்.
மற்ற ஐம்பது வாரமும்
நொடிக்குத் தொள்ளாயிரம் மெகாபிட்
ஆளில்லாத சமையலறையில்
பச்சையாய்க் கண் சிமிட்டிக்கொண்டிருக்கும்.

எனக்குச் செம்புக் கம்பி.
மழை பெய்தால் அதற்கு இருமல்.
வேல்ஸில் மழை பெய்யாத நாளை
நாட்காட்டியில் வட்டமிட்டு வைக்கிறேன்.

ஏன் இப்படி என்று போன் போட்டுக் கேட்டேன்.
பணிவான பையன். முகவரியைத் தட்டிப் பார்த்து
'உங்கள் வீடு அடுத்த கட்டத்தில் வருகிறது மேடம்' என்றான்.
கம்பமே என் நிலத்தில்தானே என்றேன்.
'கம்பம் இருக்கிறது. வீடு இல்லை.'
கொஞ்சம் யோசித்து,
'வரைபடத்தில்' என்று சேர்த்துக்கொண்டான்.

திரும்பிப் பார்த்தேன்.
வீடு இருந்தது.

சந்தைக்குப் போன முப்பத்தாறு கிடாய்களை
மூன்று நாளுக்குள் பதிய வேண்டும்,
ஒவ்வொன்றின் காது எண்ணோடும்.
இருபத்தொன்பதாவதில் வட்டம் சுழலத் தொடங்கும்.
தேநீர் போட்டு, குடித்து,
நாய்க்கு வைத்துவிட்டு வந்தாலும் சுழலும்.
பிறகு, ஒன்றும் நடவாததுபோல், கேட்கும்:
உங்கள் பெயர்?

எலினெட்.
ஆறாவது முறையாக, எலினெட்.

குளிரில் குழாய் உறைகிறதா என்று பார்க்க
ரோஸலிண்ட் என்னிடம் சாவி தந்திருக்கிறாள்.
அந்த ஜனவரியில் உறையவில்லை.
ஆனாலும் போனேன்.
பூட்ஸை வாசலில் கழற்றி,
கோட்டோடு கல்தரையில் உட்கார்ந்து,
அந்தப் பச்சை விளக்கின் பக்கத்தில்
முப்பத்தாறையும் ஒரே மூச்சில் இறக்கிவைத்தேன்.

அதோடு எழுந்திருக்கலாம்.

பட்டகோனியாவில் இருக்கும் நெஸ்டாவை அழைத்தேன்.
என் வீட்டில் அவள் எப்போதும்
சதுரம் சதுரமாய் உடைந்த தங்கை.
சிரிப்பின் ஒலி ஒரு நாள் வரும், வாய் மறுநாள்.
இங்கே இரண்டும் சேர்ந்தே வந்தன.
முன்பல் ஓரத்தில் சின்ன உடைசல்,
அது எப்போது ஆனதென்று எனக்குத் தெரியாது.

'யார் வீடு அது? நம் வீடு தெரிகிறதா?'
போனைச் சன்னல் பக்கம் திருப்பினேன்.
வேலிக்கு அப்பால் புகை,
அணைக்க மறந்த விளக்கு.
நானும் இந்தப் பக்கத்திலிருந்து
அதுவரை பார்த்ததில்லை.
இருவரும் கொஞ்ச நேரம்
ஒன்றும் பேசாமல் பார்த்தோம்.
படம் ஒருமுறைகூட நிற்கவில்லை.

பிறகு ஒருநாள் ரோஸலிண்ட் கூப்பிட்டாள்.
'குழாய் எப்படி?'
உறையவில்லை என்றேன்.
'பில்லைப் பார்த்தேன்' என்றாள்.
நான் மூச்சுவிடவில்லை.
கம்பி மட்டும் கரகரத்தது.

'எதற்கும் தினமும் போய்ப் பார்.
இரவில் குளிர் திடீரென்று இறங்கும்.'

வெளியே வெயில்.
கம்பளி கத்தரித்த ஆடுகள்
கம்பத்து நிழலில் முண்டியடித்துக்கொண்டிருந்தன.
ஜூன் மாதம் அது.