ஒரு கல் குறைவு

ரோக்காமூத்தாவோடு பஸ் நின்றுவிடுகிறது.
அதற்கு மேல் சாலை கிடையாது, பள்ளம்தான்.
பள்ளத்தின் குறுக்கே
இருபத்தொரு வளைவு போட்டு
எழுநூறு வருஷமாக நிற்கிறது தொட்டிப்பாலம்.

அதில் இப்போது தண்ணீர் போவதில்லை.
நீல நிற பிளாஸ்டிக் குழாய் ஒன்று
கம்பியால் கட்டுண்டு,
கடன் கேட்க வந்தவன் மாதிரி
சுவரை ஒட்டியே நடக்கிறது.

நிறுத்தத்தில் பந்தை உதைத்துக்கொண்டிருந்த தான்கிரேதி
நான் கேட்காமலே கதையைத் தொடங்கினான்.
ஊருக்குத் தாகம்.
பகலில் கட்டியது ராத்திரியில் சரிந்தது.
அப்போது வந்தான் சாத்தான்,
இஸ்திரி போட்ட சட்டை, நகம் வெட்டிய கைகள்.
ஒரே இரவில் முடித்துத் தருகிறேன்,
இதை முதலில் கடக்கும் உயிர் எனக்கு.
ஊர் தலையாட்டியது.
கடைசி ஒரு கல் பாக்கி இருக்கையில்
ரொட்டிக்காரி அடுப்பைத் திறந்தாள்.
தீ வெளிச்சத்தை விடியல் என்று நம்பி
சேவல் கூவிற்று.
போனவன் போனவன்தான்.
அந்த இடத்தில் எவன் கல் வைத்தாலும்
விடிந்தால் இருக்காது.

ஒரு யூரோ கேட்டான். கொடுத்தேன்.
சேவலாகக் கூவியதற்குத் தனியாகக் கேட்கவில்லை.

பதின்மூன்றாம் தூண்.
நெரிஞ்சியும் ஓணானும் தாண்டி
அண்ணாந்து பார்த்தால்
அதன் வயிற்றில் ஒரு ரொட்டியளவு இருட்டு.
கீழே நீளமாகப் பாசிக்கறை.
தூணில் ஒவ்வொரு கல்லிலும்
யாரோ ஒரு கொத்தன் செதுக்கிய சின்ன மீன்,
வால் மட்டும் வளைந்து.

மேலே ஏறும் கதவின் சாவி எர்சீலியாவிடம்.
ஐம்பது இருக்கும்.
என் நனைந்த காலணியைப் பார்த்து
முதலில் காபி என்றாள்.
சமையலறையில் ஆலிவ் ஊறும் ஜாடியின் மேல்
பாரமாக ஒரு சதுரக் கல்.
அதில் மீன். வால் வளைந்து.

நான் பார்த்ததை அவள் பார்த்தாள்.
சர்க்கரை எத்தனை என்று கேட்டாள்.
இரண்டாவது கரண்டி கரைந்த பிறகு சொன்னாள்:

கலிஸ்தோ, என் வீட்டுக்காரர்,
முனிசிபாலிட்டி கொத்தனார்.
நிலம் அதிர்ந்த வருஷம் நகரத்து இஞ்சினியர் வந்து
ஓட்டையை அடை என்றான்.
பகலில் அடைத்தார், கூலி வாங்கினார்.
ராத்திரி ஏறிப் பிடுங்கினார்.
மூன்று தடவை.
மூன்றாம் தடவை பாதிரியார் வந்து தீர்த்தம் தெளித்தார்,
இவர்தான் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

எதற்கு, என்றேன்.

மழைநீர் மேலே கால்வாயில் தேங்கும்.
கசிந்து தூணுக்குள் இறங்கும்.
வெளியேற வழி இல்லையென்றால்
பத்துக் குளிர்காலத்தில் தூண் வயிறு வெடிக்கும்.
கட்டினவனே விட்டுவைத்த வாய் அது.
இஞ்சினியரிடம் சொன்னார்.
உன் வேலை சுண்ணாம்பு குழைப்பது என்றானாம்.
கொத்தன் சொன்னால் கேட்கமாட்டான், சரி,
சாத்தான் சொன்னால் கேட்பான் இல்லையா?

சிரித்தாள். கோப்பைகளைக் கழுவினாள்.
அவர் போய் ஆறு வருஷம்.

இந்த வசந்தத்தில் மறுபடி அடைத்தார்களாம்,
வேறு இஞ்சினியர், நல்ல சிமெண்ட்.
அப்புறம்?
அவள் சாவியைத் துடைத்து என் கையில் வைத்தாள்.
முற்றத்தில் ஏணி சாய்ந்திருந்தது.
அடிப்படியில் காய்ந்த சிமெண்டில்
பெண் செருப்பின் தடம்.

மேலே நடந்தேன்.
கால்வாயில் நேற்றைய மழை, ஒரு விரற்கடை ஆழம்.
பதின்மூன்றாம் தூணுக்கு மேல் குந்திக் காதைக் கொடுத்தால்
உள்ளே எங்கோ
சொட்டு.
வெகுநேரம் கழித்து
சொட்டு.

முதல் கதையை யார் கட்டியது என்று கேட்க மறந்து
சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இறங்கினேன்.

தான்கிரேதி பந்தை நிறுத்தினான்.
ஓட்டையைப் பார்த்தீர்களா?
பார்த்தேன்.
கல் வைத்தால் நிற்காது, தெரியுமா?
நிற்காது, என்றேன்.
பஸ் வந்தது.
கையில் ஆலிவ் உப்பின் வாசம்.