ஐந்தாம் படலம்

சம்மாந்துறை மில்லில் உமிக்குக் காசு கேட்பதில்லை.
"ஆய்வுக்கா மகள்? ரெண்டு சாக்கு அள்ளு."

எரித்தோம். அறுநூறு பாகையில் சாம்பல் வெளுத்தது.
காரம், அமிலம், வடிதாள், திரும்பவும் முதலிலிருந்து.
மூன்று கிழமை போய்
அரிசி கழுவிய நீர்போல் லேசாய்க் கலங்கிய
ஒரேயொரு போத்தல்.
உள்ளே இருபது நனோமீற்றர் உருண்டைகள்,
எத்தனை கோடி என்று கேட்காதீர்கள்.
ஒன்றுக்கு மற்றதைக் கண்ணில் காட்டக்கூடாது.
அந்தப் பகையில்தான் அடியில் படியாமல் மிதக்கின்றன.

கண்ணாடித் துண்டும் அவற்றின் கட்சி, மறையேற்றம்.
ஆகவே முதலில் நேரேற்றப் பல்பகுதியத்தில் ஒரு முக்கு.
கழுவு.
பிறகு உமியின் நீரில் ஒரு முக்கு.
கழுவு.
இது ஒரு படலம்.
யாரும் அடுக்குவதில்லை, அவையாக வந்து ஒட்டுகின்றன.
இடம் நிரம்பினால்
ஒட்டியவையே வருகிறவற்றைத் தள்ளிவிடும்.
கல்முனை பஸ்ஸில் நடக்காத காரியம்:
மிதிபலகையில் ஒருவரும் தொங்குவதில்லை.

மூன்றாம் படலத்தில் றுமைஸாவுக்கு ஃபோன்.
வயலில் வெட்டு மெசின் புதைந்துவிட்டதாம்,
நேற்றைய மழை, வாப்பா தனியே,
ட்ரக்டர் யாரிடம், கயிறு யாரிடம்.
தோளுக்கும் காதுக்கும் நடுவே ஃபோனை இடுக்கியபடி
கழுவாமலே முக்கிவிட்டாள்.

பால் திரிவதைப்போல் பீக்கர் திரிந்தது.
ஒட்டாமல் தொங்கிவந்த பல்பகுதியம்
கண்டதையெல்லாம் கட்டிப்பிடித்துக்கொண்டு
அடியில் போய் உட்கார்ந்தது.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கொப்பியைப் பார்த்தேன்:
முக்கியதை எண்ணியிருந்தோம்,
கழுவியதற்கு ஒரு நிரல்கூட இல்லை.

போத்தலில் மிச்சம் முக்கால்வாசி.
புதுக் கண்ணாடி. கோடு கீறி ஒரு நிரல்.
நைதரசன் சிலிண்டர் காலி,
தலைமயிர் உலர்த்தியைக் குளிர்காற்றில் வைத்து உலர்த்தினோம்.
இஷா தொழுகை முடிந்து
வளாகத்து நாய்களும் அடங்கிய நேரம்
ஐந்தாவது.

பாதிவரைதான் முக்கியிருந்தோம்.
மேற்பாதியில் டியூப்லைட் வெள்ளையாய் விழுந்திருந்தது,
கோட்டுக்கு வந்ததும் அறுந்துபோனது.
கீழே வெளிச்சம் திரும்பி வரவில்லை.
சரித்துப் பார்த்தால் ஒரு சொட்டு ஊதா,
நேரே பார்த்தால் அதுவும் இல்லை.
என் முகத்தைத் தேடினேன். மூக்குக்கு மேலேதான் இருந்தது.

ஃபோன் மின்னியது, வாப்பா அனுப்பிய படம்.
றுமைஸா திரைமேல் கண்ணாடியைப் பிடித்தாள்.
கீழ்ப்பாதிக்கூடாகப் பார்த்தோம்,
கண்ணாடி இருப்பதே தெரியாமல்:
கரையேறிய மெசின், சக்கரம் உழுத சேறு,
அதில் சாய்ந்து கிடந்த நெல்,
ஒவ்வொரு மணியும்
தன் உமியோடு.