மூலக் காரணம், ஒரு வரியில்

படிவத்தில் அந்தப் பெட்டி
நூற்றைம்பது எழுத்துத்தான் ஏற்கும்.
அடுத்ததைத் தட்டினால் சிவக்கும்.

நிந்தவூரில் இரவு இரண்டு மணி.
அவர்களுக்கு அங்கே பின்னேரத் தேநீர்.
திரையில் ஒன்பது முகங்கள்,
பத்தாவது கட்டத்தில் கமெராவை மூடிக்கொண்டு நான்.
கரண்ட் போய் அரை மணித்தியாலம்.
ரவுட்டருக்கு மட்டும் பற்றரி.

தரைக்கு இன்னும் எழுபது மீற்றர் கிடக்க
தரை வந்துவிட்டதென்று எஞ்சினை நிறுத்தியது எங்கள் கலம்.
மறுகா விழுந்தது.

நிலவில் எழுபது மீற்றர் விழ
ஒன்பது செக்கன் ஆகும்.
அந்த ஒன்பது செக்கனும் அது
எங்களுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது:
நலமாக இறங்கிவிட்டேன்
நலமாக இறங்கிவிட்டேன்.

கை தட்டினார்கள்.
நானும் தட்டினேன், இங்கே,
பிள்ளை எழும்பிவிடாதபடிக்கு
விரல் நுனியால்.

உயரமானி பொய் சொல்லவில்லை.
எழுபது என்றுதான் சொன்னது, மூன்று தரம்.
ஆனால் அதற்குச் சற்று முன்
பன்னிரண்டு என்றிருந்தது.
கீழே ஒரு பாறை விளிம்பு,
விளிம்புக்கு அப்பால் பள்ளம்.
இறங்குகிறவர் எவரும்
பன்னிரண்டிலிருந்து எழுபதுக்கு ஏறமாட்டார் என்பது விதி.
ஆகவே உயரமானிக்குப் பைத்தியமென்று முடிவெடுத்து
அதன் வாயை அடைத்துவிட்டு
தன் கணக்கையே நம்பியது கலம்.
பன்னிரண்டு, எட்டு, மூன்று,
பூச்சியம்.

விதியை எழுதிய ஹெல்மர் கவனமானவர்.
சமவெளிக்கு எழுதினார்.
சமவெளிக்கு அது சரி.

பதினான்கு மாதம் முன், ஒரு வியாழக்கிழமை,
இறங்கும் இடம் மாறியது.
பள்ளத்து நிழலில் பனி இருக்கலாமாம்.
பனி என்றால் பணம் வருமாம்.
முப்பத்தொரு பேருக்குக் கடிதம் போனது,
'தகவலுக்காக' என்ற தலைப்பில்.
அந்தச் சொல்லுக்கு
வாசிக்கத் தேவையில்லை என்று பொருள்.
முப்பத்தொரு பேரில் நானும் ஒருத்தி.

புதுத் தரையில் மீண்டும் ஓட்டிப் பார்க்கப்
பதினொரு நாள் கேட்டேன்.
ஏவுதளத்தில் எங்கள் முறை தவறிவிடும் என்றார் ஓர்லா,
தரை எல்லாம் தரைதானே என்றார்,
சிரித்துக்கொண்டு.
அவரிடம் நாள் இல்லை.
அவருக்கு மேலே இருந்தவரிடம் காசு இல்லை.
அவருக்கும் மேலே
யாரென்று எனக்குத் தெரியாது.

212ஆம் பரிசோதனைக்கு எதிரே
'விளிம்பில் பார்க்கவில்லை' என்று எழுதினேன்.
சுருக்கத்தில் அது
தொண்ணூற்றெட்டு வீதம் ஆனது.
அடுத்த கூட்டத்தில் பச்சை நிறம் ஆனது.
பச்சைக்குக் கீழே ஒன்பது கையொப்பம்.
ஏழாவது என்னுடையது.

வெளியே கடல்.
தெற்கே ஒலுவிலில் துறைமுகத்து வாயை மணல் அடைக்கிறது,
இங்கால் கரையைத் தண்ணீர் தின்கிறது.
போன மாரியில் எங்கள் வேலியோடு
இரண்டு தென்னை போனது.
"மணலுக்கு ஆர் கடிதம் போட்டது,
தகவலுக்காகவெண்டு?"
என்று கேட்டார் அன்சாப்.
அப்போது சிரித்தேன்.

தலைவர் பட்டியலை வாசிக்கிறார்:
கருவிப் பிழை, மென்பொருள் பிழை,
மனிதப் பிழை.
ஒன்றைத் தெரியலாம், ஒன்றைத்தான்.
எல்லாரும் மென்பொருளைப் பார்க்கிறார்கள்.
அதற்குப் பிள்ளை குட்டி இல்லை,
ஒப்பந்தமும் முடியாது.

"ஷிம்ரா, ஏதும் சேர்க்க இருக்கா?"

கமெராவைத் திறந்தேன்.
டோர்ச் வெளிச்சத்தில் என் பாதி முகம்.
சொன்னேன்.
212 பற்றி, பதினொரு நாள் பற்றி,
ஏழாவது கையொப்பம் பற்றி,
குரல் ஓரிடத்தில் உடைந்ததையும்
பொருட்படுத்தாமல் சொல்லி முடித்தேன்.

ஒன்பது முகமும் அசையவில்லை.
பிறகு ஒருவர், மிக மரியாதையாக:
"மன்னிக்கவும், நீங்கள் மியூட்டில் இருக்கிறீர்கள்."

பற்றரியில் நான்கு வீதம்.
பொத்தானை அமத்திவிட்டுத்
திரும்பவும் தொடங்கினேன்,
அந்த வியாழக்கிழமையிலிருந்து.