ஐந்தே முக்கால் பஸ்

புரூஜ் என்றாள் பிரிசில்லா.
புரூகஸ் என்றாள் நவமணி.
பெயர் வாயில் நுழையாத ஊருக்காக
மூன்று வருஷம் சீட்டுக் கட்டினோம்,
செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு மேல்மாடியில்
கணக்கெழுதும் நால்வர்.

பயணத் தாளில் அதற்கு ஒரே நாள்தான்.
காலை பத்து, கால்வாயில் படகு.
பதினொன்றரை, மணிக்கூண்டு,
முந்நூற்று அறுபத்தாறு படிகள்.
ஒரு மணி, சாப்பாடு, சொந்தச் செலவில்.
மாலை ஐந்தே முக்காலுக்குப் பஸ் திரும்பும்,
தாமதிப்பவர்களுக்காக நிற்காது.

மூன்று பேருக்கு விசா வந்தது.
தில்ஷாத்துக்கு ஒரு காகிதம் வந்தது.
கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள்:
நீங்கள் திரும்பிப் போவீர்கள் என்பதில்
நியாயமான சந்தேகம் இருக்கிறது.

எங்களுக்குச் சிரிப்பு அடங்கவில்லை.
கல்யாண வீட்டில் இலை போடும்போதே
கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பவள் அவள்.
மேட்டூர் பூங்காவில்
வறுத்த மீனில் முள் எடுத்துக்கொண்டே கேட்டாள்.
அவள் காகிதத்தை நான்காக மடித்தாள்.
எட்டாக மடித்தாள்.
அதற்குமேல் மடிக்க முடியாமல் அழுத்திக்கொண்டிருந்தபோது
நாங்கள் சிரிப்பதை நிறுத்தியிருந்தோம்.

நால்வருமே போகவில்லை.
முன்பணத்தில் பாதி வந்தது.
போட்ட லீவை மட்டும் யாரும் ரத்து செய்யவில்லை.

அந்தத் தேதி ஒரு வியாழக்கிழமை.
அஸ்தம்பட்டியில் ஏறி, அடிவாரம் தாண்டி
ஒன்பதாம் கொண்டை ஊசி வளைவில்
ஜன்னல் வழியாக வாந்தியெடுத்த நவமணி
ஐரோப்பா குளிர் ஒத்துக்கல என்று
வாயைத் துடைத்தாள்.

பத்து மணிக்கு ஏற்காடு ஏரியில் படகு.
மிதித்தது நானும் தில்ஷாத்தும்.
பின்சீட்டுக்காரிகள் அரண்மனை காட்டினார்கள்:
அதோ அந்தத் தகரக் கூரை, பதினான்காம் நூற்றாண்டு.
அதன்மேல் பேன் பார்ப்பவர், பிரபு.

பதினொன்றரைக்கு மணிக்கூண்டு வேண்டுமே.
ஒரு பழைய சர்ச்சில் இருந்தது,
பூட்டு தொங்கியது.
சாவிக்காரர் மிளகு உலர்த்தப் போயிருக்கிறாராம்.
படிகளுக்குப் பதில் கல்லறைகளை எண்ணலாமென்று
பின்பக்கம் போனோம்.
சில்வர் ஓக் சருகுகள்
வெள்ளிப் பக்கம் மேலாக விழுந்து கிடந்தன.
முப்பதுக்கு மேல் எண்ணிக்கை தப்பியது,
குழந்தைகளுடையவை மிகவும் சின்னதாக இருந்ததால்.

பிரிசில்லா ஒரு கல்லில் பாசியைச் சுரண்டினாள்.
காப்பித் தோட்டத்துக்காரர்.
இறந்தது இங்கே, காய்ச்சலில், முப்பத்தோரு வயதில்.
பிறந்த ஊரில் 'பி' மட்டும் மிச்சம்,
மீதி உதிர்ந்துவிட்டது.
அந்த ஊரேதான் என்றாள் நவமணி.
பி-யில் எத்தனையோ ஊர் இருக்கிறது,
பவானிகூட, என்றேன்.

தில்ஷாத் குனிந்து நெடுநேரம் பார்த்தாள்.
இவரிடம் யாராவது கேட்டிருப்பார்களா?
என்ன?
எப்போ திரும்பிப் போவீங்கன்னு.

ஒரு மணிக்குத் தட்டுவடை செட்,
சேலத்திலிருந்தே கட்டிக்கொண்டு போனது.
பீட்ரூட் கசிந்து
பயணத் தாளில் மணிக்கூண்டு சிவந்திருந்தது.

பிறகு மலை விளிம்பில் போய் நின்றோம்.
கீழே ஓர் ஊர்.
வெள்ளைக்கல் தோண்டிய பள்ளங்கள்,
கலைந்து கிடக்கும் கூரைகள்,
ரயில் ஒன்று சத்தமில்லாமல் நகர்ந்தது.
இது எந்த ஊர் மேடம் என்று
வழிகாட்டியிடம் கேட்பதுபோல் என்னிடம் கேட்டாள் நவமணி.
சொல்ல ஆரம்பித்தேன்.
மண்டி எந்தப் பக்கம் என்று
எனக்கே தெரியவில்லை.
ஒரு நாளில் பார்க்க முடியாது போல என்றாள் பிரிசில்லா.
பனி மேலேறி வந்து ஊரை எடுத்துக்கொண்டது.

ஐந்தே முக்காலுக்கு
நாங்கள் வேர்க்கடலை பேரம் பேசி முடித்து
ஓடி வருவதற்குள் பஸ் நிரம்பியிருந்தது.
தில்ஷாத் எப்போதோ வந்து
ஜன்னல் வழியாக நான்கு இடம் போட்டிருந்தாள்.
ஒன்றில் கைக்குட்டை,
ஒன்றில் தண்ணீர் பாட்டில்,
ஒன்றில் குடை.
ஜன்னலோரம், அவளுடையதில்,
எட்டாக மடித்த அந்தக் காகிதம்.

அதை எடுத்துவிட்டு ஒருவரும் உட்காரவில்லை.

பதினான்காம் வளைவில்
நவமணிக்கு மறுபடியும்.