செயப்பாட்டுவினை

சாயல்குடியில், மூக்கையூர் விலக்கில் என் கடை.
ஜெராக்ஸ், லேமினேஷன், தமிழ் ஆங்கிலம் டைப்பிங்,
கரண்ட் இருந்தால் கலர் பிரிண்டும்.
ஞாயிறு சாயங்காலம் மனுக்காரர்கள் வருவார்கள்,
விடிந்தால் கலெக்டர் ஆபீசில் திங்கள்கிழமை.

மூக்கையூர் பாக்கியசீலி
கடைசி பஸ் ஏழேமுக்காலுக்கு என்றாள் முதலில்.
பிறகுதான் புருஷன் பெயரைச் சொன்னாள்.
சூசைமிக்கேல். முப்பத்தெட்டு வயது. ஒன்பதாவது வரை.
பதினோரு மாதமாகக் கத்தீப் பக்கம் விசைப்படகில்.
பாஸ்போர்ட் முதலாளி பெட்டிக்குள்.
வலை இழுக்கும் வின்ச்சில்
வலது கையில் இரண்டு விரல் போயிற்று.
ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக்கொள்வார்களாம்;
பனியனைக் கிழித்துக் கட்டியிருக்கிறானாம்.

போனை என் காதில் வைத்தாள்.
பாதிக்கு மேல் எஞ்சின் சத்தம்.
"சின்னவளுக்கு ஃபீஸ் கட்டிட்டியா"
அது மட்டும் தெளிவாக.

அடித்தேன்:
சட்டவிரோதமாக வெளிநாடு சென்ற என் கணவரைக்
கருணைகூர்ந்து மீட்டுத் தரும்படி.
என்னிடம் எப்போதும் இருக்கிற வாசகம்தான்,
பெயரை மட்டும் மாற்றுவேன்.

திரையில் விரல் வைத்து எழுத்துக் கூட்டினாள்.
"சட்டவிரோதமா?
ஏர்போர்ட்டு வாசல்ல
போலீசு பார்த்துத்தானே உள்ள விட்டான்.
கள்ளத்தோணி ஏறணும்னா
எங்க வாசல்லதான் கடல் கிடக்கே,
தொண்ணூறாயிரம் கட்டி
எதுக்கண்ணே பிளேன்ல போனாரு?"

பதில் இல்லாமல்
சட்ட உதவி மைய வக்கீல் தெய்வானைக்குப் போன் போட்டேன்.
குக்கர் விசிலுக்கு நடுவே அந்தம்மா சொன்னது:
"சென்ற-வைத் தூக்கு. அனுப்பப்பட்ட-ன்னு போடு.
சட்டவிரோதம் அனுப்புனவன் தலையில.
விசா எதுவா இருந்தாலும் விரல் மனுசன் விரல்.
வைத்தியம், செஞ்ச வேலைக்குச் சம்பளம், பாஸ்போர்ட்டு,
மூணையும் கேளு.
கருணைய வெட்டு, அது மனுவுக்கு ஆகாது.
அனுப்புனது யாருன்னு பேர் போடு.
லைசென்ஸ் நம்பர் இருந்தா அதையும்."

மூன்றெழுத்தை அழித்தேன்,
எட்டெழுத்து அடித்தேன்.

யார் அனுப்பியது?
"கமுதிக்காரர்" என்றாள்.
அந்தப் பெயரும், உபயோகத்தில் இல்லாத ஒரு நம்பரும்.

பாலிதீன் பையிலிருந்து காகிதங்களை எடுத்தாள்.
பாஸ்போர்ட் நகலில் ஈ.சி.ஆர்.
எங்கள் பக்கம் ஈ.சி.ஆர் என்றால்
கடை வாசலில் தூத்துக்குடிக்கு ஓடுகிற ரோடு.
பாஸ்போர்ட்டில் அதே எழுத்துக்கு
இவனை விசாரிக்காமல் விடாதே என்று பொருள்.
சுற்றிப்பார்க்கப் போகிறவனை
யார் விசாரிக்கிறார்கள்.

அடுத்த தாள் விசா.
அடியில் அரபியிலும் ஆங்கிலத்திலும் சிவப்பாக ஒரு வரி:
வேலை செய்ய அனுமதியில்லை.
சிவப்பு என்றேனே, ஆரஞ்சு.
என் பிரிண்டரில் மெஜந்தா தீர்ந்துபோன வாரம் அது,
போன மாசி.
இரண்டு பக்கம், முப்பது ரூபாய்.
"எல்லாம் சரியா இருக்கா சார்" என்று கேட்டான்.
பெயர், பிறந்த தேதி, நம்பர்,
ஒவ்வொன்றாகப் பார்த்துச்
சரியாயிருக்கு என்றேன்.
அந்த வரியையும் படித்தேன்.
ஆங்கில லோயர் பாஸ் நான்.
பின்னால் நாலு பேர் வரிசையில் நின்றார்கள்.

திரையில் 'அனுப்பப்பட்ட' என்ற சொல்லுக்கு முன்னால்
கர்சர் துடித்துக்கொண்டிருந்தது.
அங்கே ஒரு பெயர் வேண்டும்,
ஒன்றோ, அதற்கு மேலோ.

"பஸ்ஸுக்கு நேரமாச்சுண்ணே."

கமுதிக்காரர் என்று அடித்தேன்.
எல்லாவற்றுக்கும் கீழே
சாட்சி என்று ஒரு வரி விட்டு
என் பெயர், தகப்பனார் பெயர், கடை விலாசம்.

காகிதம் சூடாக வெளியே வந்தது.
அந்தக் கடைசி வரியில் அவள் விரல் நின்றது.
மணிபர்ஸின் ஜிப்பைத் திறந்தபடி,
"சாட்சி போட்டா
அதுக்குத் தனியாக் காசாண்ணே?" என்றாள்.
ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது.